பழைய பயம் உடலில் எழும்போது: வீட்டு வன்முறையிலிருந்து வெளியே வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒன்பது வருட மண வாழ்க்கையை விட்டுவிட்டு, மகளோடும் இரண்டு பைகளோடும் திருச்சி உறையூரில் உள்ள அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, இனிமேலாவது நிம்மதியாகத் தூங்கலாம் என்றுதான் நினைத்தேன். அடி நின்றுவிட்டது, பயம் நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் இரவு ஒன்பதேகாலுக்கு வந்து பைக்கை நிறுத்தி, சைடு ஸ்டாண்டைக் காலால் தள்ளும் அந்த ஒலி கேட்டதும் என் கையிலுள்ள கரண்டி அப்படியே நின்றுவிடும். வாய் வறண்டு, காது அடைத்து, வாசற்கதவைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. ஒருநாள் அதே ஒலிக்கு என் மகள் ஓடிப்போய் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு சுவரோரமாக ஒட்டி உட்கார்ந்ததைப் பார்த்தேன். அவளுக்கு அப்போது ஏழு வயது. இதற்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன்.

எங்கே போவது, யாரைக் கேட்பது என்று சொல்ல ஆள் இல்லாததால் ஏறக்குறைய ஒன்றரை வருடம் அலைந்தேன். இதயக் கோளாறு என்று இரண்டு முறை இசிஜி எடுத்தார்கள், வாயுத் தொல்லை என்று மாத்திரை கொடுத்தார்கள், யாரோ சொன்னார்கள் என்று அம்மா மந்திரிக்கவும் அழைத்துப் போனார். கடைசியில் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இருந்த ஒரு மருத்துவர்தான் விளக்கினார். கடந்தகால ஆபத்தோடு சேர்ந்து பதிந்துபோன ஒரு ஒலியோ வாசனையோ சொல்லோ மறுபடி எதிர்ப்படும்போது, ஆபத்து இப்போதே நடப்பதாக உடல் எடுத்துக்கொள்கிறது; இதைத் தூண்டல் என்கிறோம், ஆலோசகர்கள் ட்ரிக்கர் என்றே சொல்வார்கள் என்றார். இது பைத்தியமும் அல்ல, மனபலம் இல்லாததன் அடையாளமும் அல்ல.

நான் மருத்துவர் அல்ல, வழக்கறிஞரும் அல்ல. இந்த வழியில் தட்டுத் தடுமாறி நடந்தவள் என்ற முறையில், நீங்கள் அந்த ஒன்றரை வருடத்தை இழக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். கீழே உள்ள எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: ஏற்பாடுகள் அனைத்தையும் மனம் தெளிவாக இருக்கும் நேரத்தில் செய்துவைக்க வேண்டும், தூண்டல் வந்துவிட்ட நேரத்தில் புதிதாக எதையும் யோசிக்கும், முடிவெடுக்கும் நிலைக்கு உங்களை விட்டுவிடக் கூடாது.

1. ஆபத்து இன்னும் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்

இந்த வழிகாட்டி, வன்முறை செய்தவரிடமிருந்து பிரிந்து வாழ்கிறவர்களுக்கானது. நீங்கள் இன்னும் அதே வீட்டில் இருந்தாலோ, பிரிந்த பிறகும் அவர் பின்தொடர்ந்து வந்து மிரட்டினாலோ, உங்களுக்கு வரும் பயம் பழைய நினைவால் வருவதல்ல. அது சரியான எச்சரிக்கை. மூச்சுப் பயிற்சி செய்து அதை அடக்கிவிடாதீர்கள். உடனடி ஆபத்து என்றால் 112, பெண்களுக்கான உதவிக்கு 181; இரண்டும் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி இயங்குகின்றன. ஒருங்கிணைந்த சேவை மையத்தில் மருத்துவம், காவல் துறை உதவி, சட்ட ஆலோசனை, மனநல ஆலோசனை ஆகியவற்றோடு 5 நாள் வரை தங்கவும் இடம் தருவார்கள். சகி மையம் என்று கேட்டால் வழிகாட்டுவார்கள். தெரியவில்லை என்றால் 181-இல் கேட்டாலே உங்கள் மாவட்ட மையத்தைச் சொல்வார்கள்.

எது ஆபத்து, எது தூண்டல் என்று குழம்பும்போது என்னிடமே இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்வேன். இந்த நிமிடம் அவர் இங்கே இருக்கிறாரா, அல்லது வரப்போவதாகத் தகவல் உண்டா? இன்றைக்கு நடந்த ஏதாவது ஒன்றைக் காவல் நிலையத்தில் புகாராக எழுதிக் கொடுக்க முடியுமா? இரண்டில் ஒன்றுக்கு 'ஆம்' என்றால் தொலைபேசியை எடுக்க வேண்டும். இரண்டுக்குமே 'இல்லை' என்றால் கீழே உள்ளவை உதவும்.

2. உடல் நோய் இல்லை என்பதை ஒரே தடவையில் உறுதி செய்துகொள்ளுங்கள்

தைராய்டு கூடுதலாகச் சுரந்தாலும், இரத்தசோகை இருந்தாலும், இதயத் துடிப்பில் கோளாறு இருந்தாலும் இதேபோல் படபடப்பு வரும். அதனால் இரத்தப் பரிசோதனை, தைராய்டு பரிசோதனை, இசிஜி ஆகிய மூன்றையும் ஒரு முறை எடுத்து, முடிவுகளைப் பத்திரப்படுத்துங்கள். அரசு மருத்துவமனையில் இவற்றுக்குச் செலவில்லை. நான் தனியாரிடம் போய் 3,800 ரூபாய் கொடுத்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்த பிறகும் ஒவ்வொரு தடவை நெஞ்சு படபடக்கும்போதும் புதுப்புது மருத்துவரிடம் ஓடுவதுதான் இந்தக் கட்டத்தில் பலரும் விழும் குழி. நானும் அதில்தான் விழுந்தேன்.

3. மூன்று வாரம் குறிப்பெழுதுங்கள்

இருபது ரூபாய்க்கு வாங்கும் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு தடவையும் ஐந்து விவரங்களை மட்டும் எழுதுங்கள்: தேதியும் நேரமும், அதற்குச் சற்று முன் கேட்டது அல்லது பார்த்தது அல்லது முகர்ந்தது, உடலில் முதலில் தெரிந்த மாற்றம், எவ்வளவு நேரம் நீடித்தது, எது தணித்தது. அன்றைக்கு முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொண்டால் பிறகு மிகவும் பயன்படும்.

பழைய சம்பவங்களை விவரமாக எழுத வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். தொடக்கத்தில் நான், 'இது ஏன் வருகிறது' என்று ஆராய நினைத்து, பழைய இரவுகளைப் பக்கம் பக்கமாக எழுதினேன்; எழுதிய ஒவ்வொரு நாளும் தூக்கம் போனது. அந்த வேலை, துணைக்கு ஒரு ஆலோசகர் இருக்கும்போது செய்ய வேண்டியது. வீட்டில் தனியாக உட்கார்ந்து எழுத வேண்டியது, கடை வரவுசெலவுக் கணக்கைப் போன்ற வெறும் குறிப்பு மட்டுமே.

மூன்று வாரம் கழித்து என் நோட்டைப் பார்த்தபோது, காரணமே இல்லாமல் வருவதாக நான் நினைத்திருந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இருந்தது. பைக் ஸ்டாண்டும், எவர்சில்வர் டம்ளரைத் தரையில் ஓங்கி வைக்கும் ஒலியும், பீடி வாசனையும் எனக்கு ஏற்கெனவே தெரிந்தவை. நான் எதிர்பாராதவை வேறு மூன்று. முதலாவது, யாராவது என்னைப் பெயர் சொல்லாமல் "இங்க வா" என்று கூப்பிடுவது. இரண்டாவது, மாதத்தின் முதல் வாரம். அது என் கணவருக்குச் சம்பளம் வந்து குடிக்கும் வாரம். மூன்றாவது, அமைதி. வீட்டில் நெடுநேரம் எவரும் பேசாமல் இருந்தால் என் தோள்கள் இறுகத் தொடங்கும், ஏனென்றால் அந்த வீட்டில் அடிக்கு முன்னால் வந்தது எப்போதும் அமைதிதான். உங்கள் பட்டியல் வேறாக இருக்கும். ஆனால் சத்தம், வாசனை, சொல், நாள், இடம், உடல் தொடுதல், தொனி ஆகிய ஏழையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பாருங்கள்.

பட்டியல் வந்ததும் மூன்றாகப் பிரியுங்கள். எளிதாக விலக்கக்கூடியவற்றை விலக்குங்கள். எங்கள் வீட்டில் எவர்சில்வர் டம்ளருக்கு அடியில் வைக்கத் துணி வட்டுகள் தைத்தேன்; அதில் கோழைத்தனம் எதுவும் இல்லை. விலக்க முடியாதவற்றுக்கு நேரம் தெரிந்து தயாராகலாம்: ஒன்பதேகாலுக்குப் பைக் வரும் என்றால், ஒன்பது பத்துக்கே அடுப்பை அணைத்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். மூன்றாவது வகை, விலக்கினால் வாழ்க்கையே சுருங்கிவிடக்கூடியவை. பேருந்து, கடைத்தெரு, உறவினர் வீட்டுக் கல்யாணம், வேலை ஆகியவற்றை இந்த வகையில் வைத்து, ஆலோசகரின் உதவியோடு சிறிது சிறிதாக எதிர்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் தவிர்த்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரு அறைதான் மிஞ்சும். எனக்கு நான்கு மாதம் அப்படித்தான் மிஞ்சியிருந்தது.

4. வந்துவிட்ட அந்தப் பத்து நிமிடங்கள்

படபடப்பு உச்சத்துக்குப் போய்த் தானாகவே இறங்கும். பெரும்பாலும் சில நிமிடங்களில் உச்சம் கடந்துவிடும். அந்த இடைவெளியைக் கடப்பதே நோக்கம். எனக்கு உதவிய வரிசை இது.

முதலில் இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி ஊன்றுங்கள். நிற்கும் இடம் எது, இன்றைக்கு என்ன தேதி, உங்கள் வயது என்ன என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். "இது உறையூர், அம்மா வீடு, இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை" என்று நான் சொல்வேன். அதன்பின் கண்ணில் படும் ஐந்து பொருள்கள், தொட்டுணரும் நான்கு, காதில் விழும் மூன்று, முகர முடிகிற இரண்டு, சுவைக்க முடிகிற ஒன்று என்று வரிசையாகப் பெயர் சொல்லுங்கள். குளிர்ந்த நீரில் முகம் கழுவுவதும், ஐஸ் கட்டியைக் கையில் பிடிப்பதும் பலருக்கு உதவும். மூச்சை நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுவது துடிப்பைக் குறைக்கும். விடும் மூச்சு நீளமாக இருப்பதுதான் முக்கியம்.

இங்கே ஒரு எச்சரிக்கையை மறக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை எனக்கு எவரும் சொல்லவில்லை. கழுத்தை நெரித்தோ வாயைப் பொத்தியோ வன்முறை நடந்திருந்தால், மூச்சை அடக்கும் பயிற்சிகளே தூண்டலாக மாறிவிடலாம். கண்ணை மூடச் சொல்லும் தியானமும் அப்படித்தான், இருட்டுக்குள் பழைய காட்சிகள் வந்து நிற்கும். ஒரு யோகா வகுப்பில் மூச்சை நிறுத்தச் சொன்னபோது நான் எழுந்து வெளியே ஓடினேன். என்னால் இதுகூட முடியவில்லையே என்று வாரக்கணக்கில் நொந்துகொண்டேன். உங்களுக்கும் அப்படி நேர்ந்தால் அந்தப் பயிற்சியை விட்டுவிட்டு, கண்களைத் திறந்தபடி பாதத்தையும் பார்வையையும் பயன்படுத்தும் முறைகளை மட்டும் கைக்கொள்ளுங்கள்.

இந்த முறைகளைத் தூண்டல் இல்லாத நேரத்தில் தினமும் இரண்டு முறையாவது பழக வேண்டும். பழகாத ஒன்று அந்த நேரத்தில் நினைவுக்கே வராது. இரு சக்கர வாகனத்தில் போகும்போது வந்தால் ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி நில்லுங்கள். தூண்டல் அடங்கிய பின் அரை மணி நேரம் வரை எவருக்கும் பதில் செய்தி அனுப்பாதீர்கள், எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள், "திரும்பி வந்துவிடுகிறேன்" என்று எவரிடமும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இனி வாழ வேண்டாம் என்ற எண்ணம் எழுந்தால் அந்தப் பத்து நிமிடத்தைத் தனியாகக் கடக்க முயலக் கூடாது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. தமிழ்நாட்டின் மருத்துவ உதவி எண்ணான 104-ஐயும் அழைக்கலாம். இந்த எண்களை இப்போதே கைப்பேசியில் பதிந்து வையுங்கள்.

5. கூட இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்

"என்ன ஆச்சு, என்ன ஆச்சு?" என்று தோளைப் பிடித்து உலுக்குவதுதான் நம் வீடுகளில் எல்லோரும் அன்போடு செய்வது; அதுவே நிலைமையை மோசமாக்கும். நல்ல நேரம் பார்த்து, ஒருவரிடமாவது தெளிவாகச் சொல்லுங்கள். நான் என் அண்ணியிடம் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணி, நான் அப்படி உறைந்துபோய் நின்றால் என்னைத் தொடாதீர்கள். எதிரில் வந்து, என் பெயரைச் சொல்லி, இது அம்மா வீடு என்று மட்டும் சொல்லுங்கள். மகளை வேறு அறைக்கு அழைத்துப் போய்விடுங்கள். நான் கேட்டால் தண்ணீர் கொடுங்கள்." அவர் இரண்டு வருடமாக அதைத்தான் செய்கிறார்.

நடந்ததை எல்லாம் விவரிக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. "அதையெல்லாம் மறந்துவிடு", "எந்த வீட்டில்தான் சண்டை இல்லை?" என்று சொல்பவர்களிடம் விளக்கம் கொடுத்து உங்கள் சக்தியை வீணாக்க வேண்டாம். வேலை செய்யும் இடத்தில் நம்பக்கூடிய ஒருவருக்கு, "எனக்குச் சில நேரம் படபடப்பு வரும், ஐந்து நிமிடம் வெளியே போய் வருவேன்" என்று தெரிவித்தால் போதும்.

6. மருத்துவரையும் ஆலோசகரையும் அணுகுவது: இடம், செலவு, காலம்

இந்தத் தொல்லை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, தூக்கத்தையோ வேலையையோ குழந்தை வளர்ப்பையோ பாதித்தால் காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. சென்னையில் இருப்பவர்களுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையும் இருக்கிறது. ஆலோசனையும் மாத்திரையும் இலவசம். காலையில் சீக்கிரம் போய்ப் புறநோயாளிச் சீட்டு வாங்க வேண்டும். ஆதார் நகல், பழைய பரிசோதனை முடிவுகள், மேலே சொன்ன மூன்று வாரக் குறிப்பு ஆகியவற்றை எடுத்துப் போங்கள். முதல் நாள் அரை நாள் போய்விடும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் மருத்துவரிடம் கிடைப்பது சில நிமிடங்களே என்பதால், "கணவரிடமிருந்து ஒன்பது வருடம் வன்முறை, பிரிந்து இத்தனை மாதம், வாரத்துக்கு இத்தனை தடவை இப்படி வருகிறது, இரவில் இவ்வளவு நேரம்தான் தூக்கம்" என்று நான்கு வரியாக எழுதிவைத்து அந்தத் தாளையே நீட்டினேன். அழுதுகொண்டே தொடக்கத்திலிருந்து சொல்ல முயன்ற முந்தைய தடவைகளைவிட அது நன்றாக வேலை செய்தது. வன்முறை என்ற சொல்லை மறைத்து வெறும் 'தூக்கம் வரவில்லை' என்று மட்டும் சொன்னால், தூக்கத்துக்கு மட்டுமே சிகிச்சை கிடைக்கும்.

மனநல மருத்துவர் மாத்திரை எழுதுவார்; உளவியலாளர் பேச்சின் வழியாகச் சிகிச்சை தருவார், மாத்திரை எழுத மாட்டார். தனியாரிடம் போனால் மருத்துவ உளவியலாளருக்கு இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். வாரக் கடைசி வகுப்பில் சான்றிதழ் வாங்கிவிட்டுப் பலகை மாட்டியவர்களும் ஊரில் இருக்கிறார்கள். என் ஊரில் ஒரு அமர்வுக்கு 1,000 ரூபாய் கொடுத்தேன். பெருநகரங்களில் அதைவிட இரண்டு மடங்கும் கேட்கிறார்கள். அதிர்ச்சி நினைவுகளுக்கென்றே உருவான பேச்சுச் சிகிச்சைகள் பொதுவாக 8 முதல் 12 அமர்வுகள் வரை நடக்கும், வருடக்கணக்கான வன்முறைக்கு இன்னும் கூடுதலாகத் தேவைப்படலாம். நான் பதினோரு அமர்வுகளை எட்டு மாதத்தில் முடித்தேன், பணம் சேர்ந்தபோது மட்டும் போனதால்.

ஆலோசகரைத் தேர்வதில் ஒரே அளவுகோல் சொல்வேன். முதல் சந்திப்பிலேயே "குழந்தைக்காகச் சேர்ந்து வாழுங்கள்" என்றோ "நீங்களும் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கலாம்" என்றோ சொன்னால் மறுபடி போகாதீர்கள். நான் போன முதல் இடத்தில் அப்படித்தான் சொன்னார்கள், நானும் மூன்று தடவை போனேன்.

மாத்திரை எழுதிக் கொடுத்தால், பதற்றத்துக்கான பெரும்பாலான மருந்துகள் முழுப் பலன் தர நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும் என்பதை நினைவில் வையுங்கள். முதல் வாரத்தில் குமட்டலும் தலைபாரமும் வரலாம்; அதைப் பார்த்துப் பயந்து நிறுத்தியவர்கள் ஏராளம். குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் சொல்லித்தான் நடக்க வேண்டும், ஏனென்றால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வந்து, நோய் திரும்பிவிட்டதோ என்று தோன்றும். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் தூக்க மாத்திரை வாங்கிச் சாப்பிடுவது பெரிய பொறி; அவை சீக்கிரமே பழக்கமாகிவிடும், இந்தப் பிரச்சினையை ஆற்றவும் செய்யாது.

7. ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள்

மாத்திரை சாப்பிடுவது தெரிந்தால் 'மனநோயாளி' என்று சொல்லிக் குழந்தையைப் பறித்துவிடுவார்கள் என்று என்னை எல்லோரும் பயமுறுத்தினார்கள். அந்தப் பயத்தால் முதல் மூன்று சீட்டுகளைக் கிழித்துப் போட்டேன். அது தவறு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் பிரிவு 3, ஒருவருக்கு மனநோய் இருப்பதாகக் கண்டறிவது மட்டுமே அவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று பொருள்படாது என்று தெளிவாகச் சொல்கிறது. பிரிவு 23 உங்கள் சிகிச்சை விவரங்களை இரகசியமாகக் காக்கச் சொல்கிறது, பிரிவு 25 உங்கள் மருத்துவப் பதிவுகளை நீங்கள் கேட்டுப் பெறும் உரிமையைத் தருகிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இன் பிரிவு 20-இன் கீழ் மருத்துவச் செலவையும், பிரிவு 22-இன் கீழ் மன வேதனைக்கான இழப்பீட்டையும் கேட்கலாம். அதற்கு ஆதாரமே அந்தச் சீட்டுகளும் இரசீதுகளும்தான்.

எனவே ஒரு பிளாஸ்டிக் கோப்பில் இவற்றை வையுங்கள்: ஆதார், திருமணச் சான்று அல்லது பத்திரிகை, குழந்தையின் பிறப்புச் சான்று, காயம் பட்டபோது எடுத்த மருத்துவச் சீட்டுகளும் புகைப்படங்களும், புகார் கொடுத்தபோது தந்த மனு இரசீது, மனநலப் பிரிவின் சீட்டுகள், ஆலோசகர் இரசீதுகள். எல்லாவற்றையும் படமெடுத்து, கடவுச்சொல் கணவருக்குத் தெரியாத புதிய மின்னஞ்சலில் ஏற்றிவிடுங்கள். இந்த வேலை ஒவ்வொரு தாளாகத் தூண்டலைக் கிளப்பும். ஒரே மூச்சில் செய்யாமல், பகல் நேரத்தில், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு இருபது நிமிடம் என்று செய்யுங்கள்; எனக்குப் பத்து நாள் ஆயிற்று. அதன்பின் ஒவ்வொரு தடவையும் பழைய காயப் படங்களைத் தேடி மறுபடி பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது.

8. கைப்பேசி

அவரது செய்தியைப் பார்த்ததும் ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள். அழித்த ஒலிப்பதிவுகளுக்காக நான் பின்னால் வருந்தினேன். வாட்ஸ்அப்பில் அந்த உரையாடலை ஒலியணைத்துக் காப்பகத்துக்கு மாற்றுங்கள், அல்லது நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து உரையாடலை ஏற்றுமதி (எக்ஸ்போர்ட்) செய்து சேமிக்கச் சொல்லிவிட்டு, அவர் எண்ணைத் தடுங்கள். மின்னணுப் பதிவுகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, சாட்சியங்களுக்கான சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 2023-இன் பிரிவு 63-இன்படி சான்றிதழ் தேவைப்படும் என்பதால், செய்தி வந்த அதே கைப்பேசியை விற்பதற்கோ மாற்றுவதற்கோ முன் வழக்கறிஞரிடம் கேளுங்கள். குடும்ப வன்முறைச் சட்டத்தின் பிரிவு 18-இல் பெறும் பாதுகாப்பு ஆணையில், தொலைபேசியிலோ மின்னணு முறையிலோ தொடர்புகொள்ளக் கூடாது என்பதையும் சேர்க்கச் சொல்லலாம். அந்த ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். எனக்கு எந்தப் பயிற்சியையும்விட அதிகமாகத் தூக்கம் தந்தது அந்த ஆணைதான்.

9. நீதிமன்ற நாள்

குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழான மனுவை மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலர் வழியாகவோ நேரடியாகவோ கொடுக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார்; நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஆதார் நகலோடு விண்ணப்பிக்க வேண்டும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். முதல் விசாரணை பொதுவாக 3 நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் பல மாதம் இழுக்கும். எனக்கு ஒன்பது வாய்தா ஆயிற்று. அதற்கேற்ப மனத்தையும் பயணச் செலவையும் திட்டமிடுங்கள். ஒரு வாய்தாவுக்குச் சம்பள இழப்போடு சேர்த்து 700 ரூபாய் வரை எனக்குப் போனது.

அவரை நேருக்கு நேர் பார்ப்பதுதான் எல்லாத் தூண்டல்களிலும் பெரியது. முதல் வாய்தாவில் வராந்தாவின் மறுகோடியில் அவர் தொண்டையைச் செருமியது கேட்டதும், என் வழக்கு எண்ணையே மறந்துவிட்டேன். அடுத்த தடவையிலிருந்து சில ஏற்பாடுகள் செய்துகொண்டேன். தனியாகப் போகவில்லை, அண்ணி வந்தார். வாய்தா இல்லாத முந்தைய நாளிலேயே போய், எந்த வாசல், எங்கே கழிப்பறை, எந்த மூலையில் உட்கார்ந்தால் மறைவு என்று பார்த்து வைத்தேன். தேதிகளையும் சம்பவங்களையும் ஒரே தாளில் வரிசையாக எழுதி வழக்கறிஞரிடம் கொடுத்தேன், நினைவு தடுமாறினால் அவர் எடுத்துக் கொடுக்க. விசாரணையை மூடிய அறையில் நடத்தும்படி குடும்ப வன்முறைச் சட்டத்தின் பிரிவு 16-இன் கீழ் கேட்கலாம். குடும்ப நீதிமன்றத்தில் ஒரு தரப்பினர் விரும்பினாலே அப்படி நடத்த வேண்டும் என்று 1984-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆலோசனைக்கு அனுப்பினால், குடும்ப வன்முறைச் சட்டத்தின் பிரிவு 14 தனித்தனியாக நடத்தவும் இடம் கொடுக்கிறது என்பதைச் சொல்லி, அவரோடு ஒரே அறையில் உட்கார முடியாது என்று எழுத்திலேயே கேளுங்கள்.

வாய்தா முடிந்த நாளும் மறுநாளும் உடல் அடித்துப் போட்டாற்போல் இருக்கும். முடிந்தால் மறுநாளுக்கும் விடுப்பு எடுங்கள். அன்றைக்கு விருந்தாளிகளையும் வழக்கு விசாரிக்கும் உறவினர்களையும் வரவிடாதீர்கள்.

10. குழந்தைக்கும் தனியாகப் பாருங்கள்

பார்த்து வளர்ந்த குழந்தைக்கும் தூண்டல்கள் உண்டு. படுக்கையை நனைப்பது, நகம் கடிப்பது, ஓங்கிய குரலுக்கு ஒளிந்துகொள்வது என்று அவை வெளிப்படும். அரசு மருத்துவமனையின் அதே மனநலப் பிரிவில் குழந்தையையும் பார்ப்பார்கள், அவளுக்குத் தனிச் சீட்டு போடச் சொல்லுங்கள். குழந்தைக்கு ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. வகுப்பு ஆசிரியரிடம், யார் வந்து அழைத்தால் அனுப்பலாம் என்பதை எழுத்தில் கொடுத்து, ஒரு நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

அப்பாவைச் சந்திக்க நீதிமன்றம் அனுமதித்திருந்தால், ஒப்படைக்கும் இடத்தையும் நேரத்தையும் ஆணையிலேயே எழுதச் சொல்லுங்கள். வீட்டு வாசலில் ஒப்படைப்பது என்று வாய்மொழியாக ஒப்புக்கொண்டால், மாதத்துக்கு இரண்டு தடவை அதே பைக் உங்கள் வாசலில் வந்து நிற்கும். எங்கள் ஆணையில் நீதிமன்ற வளாகத்துக் குழந்தைகள் அறை, காலை பத்து மணி என்று இருக்கிறது. பத்து நிமிடம் முன்னதாக அண்ணிதான் மகளை அழைத்துப் போகிறார். நான் வெளியே பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து, கண்ணில் படும் ஐந்து பொருள்களை எண்ணத் தொடங்குவேன்.